கூரைக்கு ஒரு விலை, கைக்கு ஒரு விலை: முதியோர் பராமரிப்புக் கணக்கைப் புரிந்துகொள்வது எப்படி?

குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்த 78 வயது அம்மாவுக்கு அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிகிறது. செலவில் பெரும்பகுதியைக் காப்பீடு கட்டிவிடுகிறது. ஆறாம் நாள் டிஸ்சார்ஜ் சீட்டைக் கொடுத்து, "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, மூணு மாசத்துக்கு எப்பவும் பக்கத்துல ஆள் இருக்கணும்" என்கிறார்கள். அந்த ஆள் யார், அவருக்கு யார் சம்பளம் கொடுப்பது என்ற கேள்விக்கு எந்தக் காப்பீட்டு அட்டையிலும் பதில் இல்லை.

அன்று மாலையே குடும்பம் விசாரிக்கத் தொடங்குகிறது. முதியோர் இல்லம், சீனியர் லிவிங், அசிஸ்டட் லிவிங், ஹோம் நர்ஸ், டே கேர் என்று பெயர்கள் வந்து விழுகின்றன. ஒருவர் இலவசம் என்கிறார், இன்னொருவர் 60 லட்சம் என்கிறார். இரண்டும் உண்மையாக இருக்கலாம், ஏனென்றால் இரண்டு பேரும் வேறு வேறு பொருளுக்கு விலை சொல்கிறார்கள்.

முதியோருக்குத் தேவைப்படுவது இரண்டு. ஒன்று கூரை: தங்க இடம், சாப்பாடு, கரண்டு, தண்ணீர். மற்றொன்று கை: எழுப்பிவிட, குளிப்பாட்ட, மருந்து எடுத்துக் கொடுக்க ஓர் ஆள். விளம்பரங்களில் கூரையின் விலைதான் பெரிய எழுத்தில் இருக்கும். குடும்பத்தின் சேமிப்பைக் கரைப்பதோ பெரும்பாலும் கைக்கான செலவு. இந்த இரண்டையும் தனித்தனியே பார்க்கப் பழகிவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

ஏன் இப்போது இந்தக் கேள்வி?

2011 கணக்கெடுப்பின்போது தமிழ்நாட்டு மக்களில் 60 வயதைக் கடந்தவர்கள் 10.4 சதவீதம். இந்திய சராசரி அப்போது 8.6. மத்திய அரசின் மக்கள்தொகைக் கணிப்பு, 2021-ல் தமிழ்நாட்டின் பங்கை 13.6 சதவீதம் என்றும் 2031-ல் 18.2 சதவீதம் என்றும் சொல்கிறது. பெரிய மாநிலங்களில் கேரளம் மட்டுமே நமக்கு முன்னால் நிற்கிறது. பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்தது ஒரு காரணம், ஆயுள் கூடியது இன்னொரு காரணம். இருக்கிற ஒன்றிரண்டு பிள்ளைகளும் பெங்களூரிலோ துபாயிலோ இருக்கிறார்கள். உள்ளூரிலேயே இருந்தாலும் மகனும் மருமகளும் வேலைக்குப் போகும் வீட்டில் பகல் பத்து மணிக்கு ஆள் இல்லை. முன்பு அந்த வேலையைச் சம்பளம் இல்லாமல் செய்தவர்கள் வீட்டுப் பெண்கள். அந்த உழைப்புக்கு இப்போதுதான் ரூபாயில் விலை போடத் தொடங்கியிருக்கிறோம்.

கவனிப்பை எப்படி அளப்பது?

முதியோர் மருத்துவத்தில் இதற்கு எளிமையான அளவுகோல் உண்டு. அன்றாடச் செயல்கள் ஆறு: குளிப்பது, உடுத்துவது, கழிப்பறைக்குப் போய் வருவது, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, சிறுநீர்-மலத்தை அடக்க முடிவது, சாப்பாட்டைத் தானே எடுத்து உண்பது. இவற்றில் எத்தனையை ஒருவர் உதவியின்றிச் செய்கிறார் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆறையும் தானே செய்பவருக்கு வேண்டியது பேச்சுத்துணையும் பத்திரமான வீடும்தான். ஒன்றிரண்டில் கை கொடுக்க வேண்டியவருக்கு, காலையும் மாலையும் சில மணி நேரம் ஆள் இருந்தால் போதும். மூன்று நான்கு போய்விட்டால் இரவிலும் ஆள் வேண்டும். படுக்கையோடு இருப்பவரைப் படுக்கைப் புண் வராமல் காக்க, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது புரட்டிப் படுக்க வைக்கச் சொல்வார்கள். அதற்கு முழுநேர வேலையாக ஒருவர் வேண்டும்.

மறதி நோய் இந்த எண்ணிக்கைக்குள் அடங்காது. ஆறு செயல்களையும் செய்யத் தெரிந்த அப்பா நள்ளிரவில் கதவைத் திறந்து தெருவில் இறங்கிவிடுவார். உடல் நன்றாக இருக்கும்போதே 24 மணி நேரமும் கண் வேண்டும். அவரைச் சாதாரண முதியோர் இல்லத்தில் சேர்த்துவிட்டு, ஒரு வாரத்தில் "நீங்களே வந்து கூட்டிட்டுப் போயிடுங்க" என்ற போன் வந்த பிறகுதான் பல குடும்பங்களுக்கு இந்த வித்தியாசம் தெரிகிறது.

பெயர்களைப் பிரித்துப் பார்ப்போம்

1. இலவச முதியோர் இல்லம். ஆதரவற்றோருக்கானது. தொண்டு நிறுவனங்கள் நடத்துகின்றன, சிலவற்றுக்கு அரசு மானியம் உண்டு. மத்திய அரசின் மூத்த குடிமக்கள் திட்டத்தில் 25 பேர் தங்கும் இல்லங்களுக்கு நிதி வருகிறது. இங்கு கூரையும் சாப்பாடும் உறுதி. படுக்கையில் விழுந்தவரை ஏற்பார்களா என்பது இடத்துக்கு இடம் மாறும்.

2. கட்டண முதியோர் இல்லம். அறக்கட்டளையோ தனியாரோ நடத்துவது. முன்பணம், மாதக் கட்டணம். நடமாட்டம் உள்ளவருக்கு ஒரு கட்டணம், இல்லாதவருக்கு வேறு கட்டணம்.

3. சீனியர் லிவிங். இது வீட்டுமனைத் தொழில் சார்ந்தது. 50 அல்லது 55 வயதுக்கு மேற்பட்டோருக்கென்று கட்டிய வில்லா, அடுக்ககம், பொதுச் சமையற்கூடம், தோட்டம். தானாக நடமாடுபவரை மனத்தில் வைத்துக் கட்டியது.

4. அசிஸ்டட் லிவிங். அறை, சாப்பாட்டோடு அன்றாடச் செயல்களில் உதவியும் சேர்ந்தது. பெயரில் கையும் இருப்பதால் விலையிலும் இருக்கும்.

5. வீட்டிலேயே ஆள் வைப்பது. ஏஜென்சி மூலம் 12 மணி நேர ஷிப்ட் அல்லது "தங்கிப் பார்க்கிறவர்". எல்லோரையும் "ஹோம் நர்ஸ்" என்றே அழைக்கிறோம், ஆனால் வருபவர் பெரும்பாலும் செவிலியர் படிப்புப் படித்தவர் இல்லை. டயப்பர் மாற்றுவார், குளிப்பாட்டுவார். மூக்கு வழி டியூபில் உணவு கொடுக்கவும் இன்சுலின் போடவும் தெரிந்தவரா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

6. பகல்நேர மையம். காலையில் போய் மாலையில் திரும்புவது. வேலைக்குப் போகும் பிள்ளைகளோடு இருக்கும் முதியோருக்கு, என் பார்வையில், மிகவும் தேவையானதும் மிகவும் குறைவாகக் கிடைப்பதும் இதுதான்.

சீனியர் லிவிங்: பத்திரத்தில் என்ன வாங்குகிறோம்?

கோயம்புத்தூர் இந்தத் தொழிலுக்கு இந்திய அளவில் பேர் போன ஊர். இதமான வெயில், நல்ல மருத்துவமனைகள், விமான நிலையம், சென்னையைவிட மலிவான நிலம் எல்லாம் ஒரே இடத்தில் கிடைத்தன. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு இந்தக் கலவை பிடித்துப்போனது. வடவள்ளி, தொண்டாமுத்தூர் பக்கம் போனால் மலையடிவாரத்தில் இப்படிப்பட்ட குடியிருப்புகளைப் பார்க்கலாம்.

ஒப்பந்தம் பெரும்பாலும் மூன்று வகை. முதலாவது கிரயம்: வீடும் பிரிக்கப்படாத மனைப்பங்கும் உங்கள் பெயருக்குப் பதிவாகும். இரண்டாவது, வைப்புத்தொகை கட்டி ஆயுள் முழுக்கத் தங்குவது. வெளியேறும்போதோ இறந்த பிறகோ அந்தத் தொகை திரும்பி வரும், ஆனால் ஆண்டுக்கு இத்தனை சதவீதம் என்று கழித்துக்கொள்ளும் இடங்களும் உண்டு. மூன்றாவது மாத வாடகை.

கிரயம்தான் பாதுகாப்பு என்று நம் ஊரில் உடனே தோன்றும். மனைப்பங்கு கையில் இருக்கிறதே! ஆனால் வாங்கியவர் இறந்த பிறகு 40 வயது மகன் அந்த வீட்டுக்கு உரிமையாளர் ஆகலாம், குடியிருக்க முடியாது, ஏனென்றால் வயது நிபந்தனை இருக்கிறது. விற்க நினைத்தால் வாங்குபவரும் அந்த வயதைக் கடந்தவரையே அங்கே குடிவைக்க வேண்டும். சில ஒப்பந்தங்களில் விற்பனைத் தொகையில் நிறுவனத்துக்கு ஒரு பங்கும் உண்டு. வீடு பூட்டிக் கிடந்தாலும் மாதப் பராமரிப்புக் கட்டணம் ஓடிக்கொண்டே இருக்கும். முதலீடு என்று நினைத்து வாங்கக்கூடாத வீடு இது.

இதைவிட முக்கியமான கேள்வி: நடக்க முடியாமல் போனால் என்ன ஆகும்? வளாகத்திலேயே பராமரிப்புப் பிரிவு உண்டா, அங்கு கட்டில் கிடைக்கும் என்ற உறுதி ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்கிறதா, அல்லது "தேவைப்பட்டால் ஏற்பாடு செய்து தரப்படும்" என்ற ஒரு வரிதானா? அந்த ஒரு வரி மட்டும் இருந்தால், கை தேவைப்படும் நாளில் உங்கள் செலவில் நீங்களே ஆளைத் தேட வேண்டும் என்று பொருள்.

சட்டமும் இங்கே கூரையோடு நின்றுவிடுகிறது. 2016-ன் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், அதாவது ரெரா, வீட்டைச் சொன்ன நாளில் சொன்ன அளவில் கட்டித் தந்தார்களா என்று பார்க்கும். பத்து வருடம் கழித்து இரவுப் பணிக்கு ஆள் இருக்கிறாரா என்று பார்க்காது. மத்திய வீட்டுவசதி அமைச்சகம் 2019-ல் ஓய்வுகால வீடுகளுக்கென மாதிரி வழிகாட்டுதல்களை வெளியிட்டது. அவை மாநிலங்களுக்குச் சொல்லப்பட்ட யோசனைகள், தாமாகவே சட்டம் ஆகிவிடாது.

மாதக் கட்டணம் ஏன் இவ்வளவு?

இல்லம் நடத்துபவர் எல்லோரும் கொள்ளை லாபம் பார்க்கிறார் என்று எண்ணுவதற்கு முன்பு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருவர் வாரம் 48 மணி நேரம் வேலை செய்தால், ஓர் இடத்தில் எந்நேரமும் ஓர் ஆள் இருக்க மூன்றரைப் பேர் தேவை. 24 பேர் தங்கும் இல்லத்தில் ஆறு பேருக்கு ஓர் உதவியாளர் எந்நேரமும் இருக்கவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒரே சமயத்தில் நான்கு பேர், ஆக மொத்தம் 14 பேர். ஒருவருக்கு 15,000 ரூபாய் சம்பளம் என்று வைத்தால் மாதம் 2,10,000 ரூபாய். 24 பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 8,750. இது உதவியாளர் சம்பளம் மட்டும். வாடகை, சாப்பாடு, செவிலியர், சலவை, ஆம்புலன்ஸ் எதுவும் இதில் இல்லை. படுக்கையில் இருப்பவர்கள் அதிகமாகி மூன்று பேருக்கு ஒருவர் தேவைப்பட்டால் அதே செலவு 17,500 ஆகிவிடும்.

அப்படியானால் இதைவிட மிகக் குறைந்த கட்டணத்தில் "24 மணி நேரக் கவனிப்பு" என்று சொல்லும் இடத்தில் என்ன நடக்கிறது? நன்கொடையால் ஈடு கட்டுகிறார்கள் என்றால் நல்லது. இல்லையென்றால் ஆட்கள் குறைவாக இருக்கிறார்கள், அல்லது இருப்பவர்கள் தூங்காமல் உழைக்கிறார்கள். சேர்க்கப் போகும்போது கட்டடத்தைச் சுற்றிப் பார்ப்பதைவிட, இரவு இரண்டு மணிக்கு எத்தனை பேர் விழித்திருப்பார்கள் என்று கேட்பது உபயோகமான கேள்வி.

வீட்டில் ஆள் வைத்தாலும் இதே கணிதம்தான். ஒருவருக்கென்று எந்நேரமும் ஒருவர் என்றால் மூன்றரைப் பேர் சம்பளம், மேலே போட்ட அதே கணக்கில் 52,500 ரூபாய். "தங்கிப் பார்க்கிறவர்" இதைவிட மலிவாகக் கிடைக்கிறார் என்றால், அவருடைய தூக்கத்தையும் வார விடுமுறையையும் நாம் கணக்கில் சேர்க்கவில்லை என்று அர்த்தம். ஊரில் பிள்ளைகளை விட்டுவிட்டு வந்து நம் அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் அந்தப் பெண்ணுக்கு வாரம் ஒரு நாளாவது விடுப்பும், இரவில் முறிபடாத சில மணி நேரத் தூக்கமும் கிடைக்க வேண்டும். இது இரக்கத்தால் மட்டும் சொல்வதல்ல. தூக்கம் கெட்டவர் கையில்தான் மருந்து மாறிப்போகிறது.

வரியும் ஒரு வேறுபாட்டை உண்டாக்குகிறது. அரசோ, வருமான வரிச் சட்டத்தில் பதிவு பெற்ற அறக்கட்டளையோ நடத்தும் முதியோர் இல்லத்தில், 60 வயது கடந்தவருக்கு உணவு, தங்குமிடம், பராமரிப்பு எல்லாம் சேர்த்து மாதம் 25,000 ரூபாய் வரையிலான கட்டணத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. வணிக நிறுவனத்துக்கு இந்த விலக்கு பொருந்தாது. ஒரே தொகையைச் சொல்லும் இரண்டு இடங்களை ஒப்பிடும்போது வரி உள்ளேயா வெளியேயா என்று கேளுங்கள்.

பணம் எங்கிருந்து வரும்?

தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 2023-ல் மாதம் 1,200 ரூபாயாக உயர்ந்தது. நாளுக்கு 40 ரூபாய். இதில் மத்திய அரசின் பங்கு 60 முதல் 79 வயது வரை 200 ரூபாய், 80-க்கு மேல் 500 ரூபாய். அந்த 200 ரூபாய் 2007-லிருந்து உயரவில்லை. இந்தத் தொகை மருந்துக்கும் கைச்செலவுக்கும் உதவும், இல்லக் கட்டணத்துக்கு அருகில்கூட வராது.

சேமிப்பு உள்ளவர்கள் அஞ்சலகத்தில் போடும் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தின் உச்சவரம்பு 30 லட்சம். 8.2 சதவீத வட்டியில் அது மூன்று மாதத்துக்கு 61,500, அதாவது மாதம் 20,500 ரூபாய் தரும். உச்சவரம்பு வரை கட்டிய குடும்பத்துக்கே இவ்வளவுதான். 15 லட்சம் வைத்திருப்பவருக்கு 10,250. இலவச இல்லத்தில் சேர முடியாத அளவுக்கு வசதி உண்டு, கையை விலைக்கு வாங்கும் அளவுக்கு இல்லை. தமிழ்நாட்டின் நடுத்தர வர்க்கம் மாட்டிக்கொண்டிருக்கும் இடம் இது.

சொந்த வீடு இருந்தால் தலைகீழ் அடமானம் என்று ஒரு வழி 2007 முதல் உண்டு. 60 வயது கடந்தவர் வீட்டை வங்கியில் ஈடு வைத்தால், வங்கி மாதாமாதம் பணம் தரும். உயிரோடு அங்கே குடியிருக்கும் வரை கடனை அடைக்கத் தேவையில்லை. வரும் பணத்துக்கு வருமான வரி இல்லை. இறந்த பிறகு வாரிசுகள் கடனைக் கட்டி வீட்டை மீட்கலாம், இல்லையென்றால் வங்கி விற்றுக் கணக்கை முடிக்கும். வீட்டைப் பிள்ளைக்கு விட்டுப்போக வேண்டும் என்ற நம் எண்ணம் ஒரு பக்கம் தடுக்க, இது பரவவே இல்லை. இதில் பலர் கவனிக்காத ஒரு நிபந்தனையும் இருக்கிறது. கடன் வாங்கியவர் அந்த வீட்டைவிட்டு நிரந்தரமாக வெளியேறிவிட்டால் கடன் திரும்பக் கட்ட வேண்டியதாகிவிடும். ஆக, சொந்த வீட்டில் இருந்துகொண்டு ஆள் வைத்துக்கொள்ள இந்தப் பணம் உதவும். வீட்டைப் பூட்டிவிட்டுப் பராமரிப்பு இல்லத்துக்குப் போக உதவாது.

சரி, காப்பீடு? 2024 அக்டோபரில் 70 வயது கடந்த அனைவருக்கும் வருமான வரம்பின்றி ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை ஆயுஷ்மான் பாரத் காப்பீடு விரிவாக்கப்பட்டது. பெரிய உதவிதான். ஆனால் அது மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கானது. டிஸ்சார்ஜுக்குப் பிறகு மாதக்கணக்கில் வேண்டிய கைக்கு அதில் இடமில்லை. ஜப்பான் இந்த நீண்டகாலக் கவனிப்புக்கென்றே 2000-ல் கட்டாயக் காப்பீடு கொண்டுவந்தது. 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் எல்லோரும் சந்தா கட்டுகிறார்கள். சிங்கப்பூரும் 2020-ல் கேர்ஷீல்டு லைஃப் என்று ஒன்றைத் தொடங்கி, மேலே சொன்னவை போன்ற ஆறு அன்றாடச் செயல்களில் மூன்றைச் செய்ய முடியாதவருக்கு மாதத்தொகை தருகிறது. இந்தியாவில் அப்படி ஒரு பொதுக் காப்பீடு இல்லை.

அரசு எங்கே நிற்கிறது?

2007-ன் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு, மாவட்டத்துக்குக் குறைந்தது ஒன்று என்ற கணக்கில், ஆதரவற்ற 150 பேராவது தங்கக்கூடிய இல்லங்களை மாநில அரசு அமைக்கலாம் என்கிறது. "அமைக்கலாம்" என்பதுதான் சட்டத்தின் சொல். "அமைக்க வேண்டும்" என்று எழுதியிருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்கும்.

கையைப் பொறுத்தவரை தமிழ்நாட்டில் உருப்படியாக நடந்திருப்பது 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வருவது எல்லோருக்கும் தெரியும். அதே திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும், படுக்கையில் இருப்பவர்களின் வலியையும் வேதனையையும் குறைக்கும் நோய்த்தணிப்புப் பராமரிப்பும் வீட்டிலேயே உண்டு என்பது பலருக்குத் தெரியாது. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பெற வேண்டும். கேரளம் 2008-லேயே நோய்த்தணிப்புக்குத் தனிக் கொள்கை வகுத்து, ஊராட்சி அளவில் செவிலியரை வீடுகளுக்கு அனுப்பத் தொடங்கிவிட்டது. 2025 நவம்பரில் தமிழக அரசு தொடங்கிய அன்புச்சோலை மையங்கள் பகல்நேரக் கவனிப்புக்கானவை. முதலில் 25 மையங்கள். ஒவ்வொரு வட்டத்துக்கும் ஒன்று என்று வளர்ந்தால் பல வீடுகளில் மருமகளோ மகளோ வேலையை விடாமல் இருக்கலாம்.

இருக்கும் வீட்டைக் காப்பாற்றிக்கொள்வது

முதியவருக்கு மிக மலிவான கூரை அவர் ஏற்கெனவே குடியிருக்கும் வீடு. அதை இழக்கும் வழிகள் இரண்டு: குளியலறையிலும் பதிவு அலுவலகத்திலும்.

குளியலறைக்குச் செய்ய வேண்டியது சில ஆயிரங்களில் முடியும். கழிப்பறை ஓரத்தில் சுவரில் ஆழமாகப் பதித்த கைப்பிடிக் கம்பி, வழுக்காத தரை, உட்கார்ந்து எழ வசதியான உயரத்தில் வெஸ்டர்ன் டாய்லெட், கட்டிலிலிருந்து அங்கு போகும் வழியில் இரவு விளக்கு, உள்தாழ்ப்பாளை வெளியிலிருந்தும் திறக்க வசதி. இவற்றை முதல் விழுகைக்கு முன்பே செய்துவிட வேண்டும்.

பதிவு அலுவலகத்தில் நடப்பது வேறு கதை. பெற்றோர் பாசத்தில் வீட்டைப் பிள்ளை பெயருக்குத் தானசெட்டில்மெண்ட் எழுதிவிடுகிறார்கள். அதன்பின் அந்த வீட்டிலேயே அவர்கள் விருந்தாளி. 2007 சட்டத்தின் 23-ஆம் பிரிவு, கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்து, அது மீறப்பட்டால் பத்திரத்தை ரத்து செய்யத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் தருகிறது. நிபந்தனை பத்திரத்தில் இல்லாவிட்டால் என்ன என்பதில்தான் சிக்கல். 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் நிபந்தனை இருந்ததை நிறுவ வேண்டும் என்றது. 2025 ஜனவரியில் இன்னொரு வழக்கில், முதியோரைக் காக்கும் சட்டத்தைத் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்று கூறித் தாயின் பக்கம் தீர்ப்பளித்தது. வழக்கு எந்தப் பக்கம் சாயும் என்ற கவலையே வேண்டாம் என்றால், எழுதும்போதே மூன்றில் ஒன்றைச் செய்யலாம்:

1. செட்டில்மெண்டுக்குப் பதில் உயில் எழுதுவது. இறக்கும் வரை வீடு உங்களுடையது, உயிலை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம்.

2. செட்டில்மெண்ட்தான் என்றால், இருவரின் ஆயுட்காலம் வரை குடியிருப்பு, அனுபவ உரிமை உண்டு என்று எழுதுவது.

3. உணவு, மருத்துவம், அன்றாடத் தேவைகளைப் பிள்ளை கவனிக்க வேண்டும், தவறினால் பத்திரம் செல்லாது என்ற வாசகத்தைப் பத்திரத்திலேயே சேர்ப்பது.

ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டவர்கள் வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் வழக்கறிஞர் இல்லாமலே மனு கொடுக்கலாம். பிள்ளை இல்லாதவர்கள், தங்கள் சொத்து யாருக்குப் போகுமோ அந்த உறவினரிடம் பராமரிப்பு கேட்கலாம். மாதப் பராமரிப்புத் தொகைக்குச் சட்டம் வைத்த உச்சவரம்பு 10,000 ரூபாய், அந்த மனுவை 90 நாளில் முடிக்க வேண்டும். எங்கே போவது என்று தெரியாதவர்கள் 14567 என்ற முதியோர் உதவி எண்ணை அழைத்தால் வழி சொல்வார்கள்.